பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால்: எந்தத் தொல்லைக்கு எதைப் பார்ப்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். "மிஸ்ஸி, அம்மாவுக்குத் தலை சுத்துது, டாரா திங்கி மாத்திரைய நிறுத்திடவா?" டாரா திங்கி என்றால் மலாயில் உயர் ரத்த அழுத்தம், நாம் பிரஷர் என்பது. ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். முழுவதையும் படிக்க வேண்டாம், உங்கள் வீட்டுத் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரையால் படுத்தவர்களை நான் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன். மாத்திரையால்தான் இந்தத் தொல்லை என்று தாமாகவே நிறுத்திவிட்டு, பிறகு கை கால் விழுந்து படுத்தவர்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். கீழே எந்த இடத்திலும் "நிறுத்துங்கள்" என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

## எதையும் பார்க்காமல் 999 அழைக்க வேண்டியவை

முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. நெஞ்சு அழுத்துகிறது. உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஆளுக்கு நினைவு இல்லை. இவற்றில் எது இருந்தாலும் பிரஷர் மெஷினைத் தேடி நேரம் கடத்த வேண்டாம்.

பக்கவாதமாக இருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அவருக்குக் கூடுதலாகப் பிரஷர் மாத்திரை கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தவறுவது சாதாரணம். செம்பனைக் காட்டில் எல்லா மண்சாலையும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு பையனை மோட்டார் சைக்கிளோடு பெரிய சாலை முனைக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள்.

## எந்தத் தொல்லை என்றாலும் முதலில்: மருந்துப் பையைக் கொட்டுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் மேசையில் கொட்டுங்கள். கிளினிக் மாத்திரை, தனியார் கிளினிக் மாத்திரை, கடையில் வாங்கிய வலி மாத்திரை, யாரோ கொடுத்த பொடி, சாறு எல்லாம். பாதித் தொல்லைக்கு விடை இந்த மேசையிலேயே கிடைத்துவிடும்.

நான் அடிக்கடி கண்டது இது: போன தவணையில் கொடுத்த மாத்திரை வெள்ளை, இந்தத் தவணையில் மஞ்சள். கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும், மருந்து அதேதான். பாட்டி இரண்டையும் சாப்பிடுகிறார். உறையில் உள்ள மருந்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அம்லோடிபைன் என்ற பிரஷர் மருந்தின் பெயர் இரண்டு உறையில் இருந்தால் பழையதைத் தனியே எடுத்து வைத்து, பார்மசிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உறையில் எல்லாம் மலாயில் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பாட்டிக்கு 'வக்து மாலாம்' (இரவு வேளை) என்று எழுதியிருப்பது எப்படித் தெரியும்? காலை மாத்திரை உறையில் சூரியனும், இரவு மாத்திரை உறையில் பிறையும் தடித்த மார்க்கரில் வரைந்து விடுங்கள். இத்தனை வருடத்தில் இதைவிட நன்றாக வேலை செய்த வழி எனக்குத் தெரியாது.

## தொல்லை 1: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை

அளந்த விதம். இதில்தான் தொடங்க வேண்டும், செலவே இல்லை. பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு, வாசல் திண்ணையில் உட்கார்த்தி, பேசிக்கொண்டே அளந்தால் 150, 160 என்று காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வையுங்கள். கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. அரை மணி நேரத்துக்கு முன் வரை காப்பி, தேநீர், சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் கேள்வி கேட்கக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

பட்டை. மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான். தையல் டேப்பால் மேல்கையின் நடுவில் அளந்து பாருங்கள். கை பருமனாக இருந்து பட்டை சிறிதாக இருந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். பெரிய பட்டை தனியாக விற்கிறது. மணிக்கட்டு மெஷினை நான் நம்புவதில்லை, கை கொஞ்சம் தாழ்ந்தாலே எண் மாறிவிடும்.

இவை இரண்டும் சரி என்றால், ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85-க்குக் கீழே இருந்தால், கிளினிக்கில் மட்டும் ஏறுகிறது என்று பொருள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நோட்டைக் காட்டாமல் "வீட்ல நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் டாக்டருக்கு அது உதவாது.

உண்மையில் விழுங்கினாரா? மாத்திரையை எண்ணுங்கள். 30 கொடுத்து 12 நாள் ஆனால் 18 இருக்க வேண்டும். 25 இருந்தால் அவரைத் திட்ட வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். அதிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) ஓடும் அவசரத்தில் மறந்துபோயிருக்கும். அல்லது கீழே தொல்லை 5-இல் சொல்லும் காரணமாக இருக்கும்.

கூட விழுங்கும் வேறு மருந்து. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் எடுக்கிறாரா? இவை பிரஷரை ஏற்றும். பெரிண்டோபிரில் அல்லது லோசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரையோடு தண்ணி மாத்திரையும் (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடுபவர் இந்த வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகமே கெட்டுப்போகலாம். குனிந்து குலை பொறுக்கி முதுகு ஒடிந்தவர்களுக்கு வலி மாத்திரை இல்லாமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். பாரசிட்டமாலில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் கிளினிக்கில் கேளுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் அளவை ஏற்றும்.

இரண்டு நாளில் வலி பறந்துவிடும் என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் பொடியையும் குளிகையையும் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அப்படி உடனே கேட்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அது பிரஷரையும் இனிப்பு நீரையும் (சர்க்கரை நோயையும்) சேர்த்தே ஏற்றும். டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதையும் கிளினிக்குக்கு எடுத்துப்போங்கள். மாதக் கணக்கில் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று விடுவதும் ஆபத்து, டாக்டருக்குத் தெரிந்தே விட வேண்டும்.

உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்பார்கள். பக்கத்தில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், பெலாச்சான் சம்பால் இருக்கும், மாலையில் கிச்சாப் ஊற்றிய மீ கோரெங். அடுப்பில் விழும் உப்பைவிட இவற்றில் வரும் உப்பு அதிகம். உப்புக்குப் பதிலாக "சோடியம் குறைந்த உப்பு" வாங்கும் முன் கேளுங்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். பெரிண்டோபிரில், எனலாபிரில், லோசார்ட்டான் சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் அது ஆகாது.

எப்போது போவது. சரியாக அளந்தும் ஒரு வாரச் சராசரி 135/85-க்கு மேலே என்றால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் போங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் என்றால் சற்று உட்கார வைத்து மறுபடியும் அளங்கள். அதே அளவு, ஆனால் வேறு தொல்லை இல்லை என்றால் அன்றைக்கே கிளினிக். கடும் தலைவலி, கண் மங்கல், வாந்தி, நெஞ்சு வலி, குழப்பம் எதுவும் கூட இருந்தால் 999. அவசரமாக இறக்குவதற்கு இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. திடீரென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, அதனாலேயே பக்கவாதம் வரலாம்.

## தொல்லை 2: எழுந்தால் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது

முதலில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தெளிந்த பிறகு பாருங்கள்.

எளிய காரணம்: விருட்டென்று எழுந்தது, வெறும் வயிறு, தண்ணீர் போதவில்லை. விடியற்காலை ஒரு தேநீரோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு மரம் வெட்டப் போனவருக்குப் பத்து மணி வெயிலில் தலை சுற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். புரட்டாசி விரதத்திலும் சபரிமலைக்கு மாலை போட்ட நாட்களிலும் இதே கதை வரும். விரதத்தை விடச் சொல்ல மாட்டேன். விரதம் தொடங்குவதற்கு முன் ஒரு முறை கிளினிக்கில் சொன்னால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்கள். சம்சுவும் கள்ளும் இதில் சேரும். குடித்த இரவில் இறங்கி, பல நாள் குடியில் ஏறும்.

அடுத்த சோதனை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளங்கள். எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளங்கள். நிற்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும், நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண்ணில் 20 அல்லது கீழ் எண்ணில் 10, அதற்கு மேலும் குறைந்திருந்தால் அந்த மூன்று அளவையும் எழுதி, ஓரிரு நாளில் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிராசோசின் என்ற பிரஷர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்களா? முதல் மாத்திரையிலும், அளவு கூட்டிய நாளிலும் அப்படியே சரிந்து விழுபவர்கள் உண்டு. அதனால்தான் முதலில் இரவில் படுக்கும்போது கொடுக்கச் சொல்வார்கள். நடு இரவில் சிறுநீருக்கு எழுந்தால் தாத்தாவைத் தனியே விடாதீர்கள். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய லயன் வீடுகளில் படிக்கட்டுதான் ஆளைச் சாய்க்கும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தால் போதும், இடுப்பெலும்பு தப்பும். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே போல இறக்கும், இரண்டு டாக்டர் இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் இருவருக்கும் தெரியாமலே போகும்.

இனிப்பு நீரும் இருப்பவர் என்றால் சர்க்கரையையும் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் அது பிரஷர் மாத்திரை வேலை இல்லை, உடனே இனிப்புத் தேநீர் கொடுங்கள்.

மேல் எண் 90-க்குக் கீழே, அல்லது மயங்கி விழுந்தார், தலையில் அடி, கறுப்பு மலம், நெஞ்சு படபடப்பு: அன்றே ஆஸ்பத்திரி.

## தொல்லை 3: கால் வீங்குகிறது

இரண்டு காலுமா, ஒரு காலா? அதுதான் முதல் கேள்வி.

இரண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்கி, காலையில் வற்றினால், அம்லோடிபைன் அல்லது நிஃபெடிபைன் சாப்பிடுகிறாரா என்று உறையில் பாருங்கள். இந்த மருந்துகள் செய்யும் வேலைதான் இது, அளவு கூடினால் வீக்கமும் கூடும். கால்களைத் தலையணை மேல் வைத்துப் படுக்கட்டும். நாள் முழுவதும் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய தண்ணி மாத்திரையை இதற்குக் கொடுக்காதீர்கள். இந்த வீக்கத்துக்கு அது பெரிதாகக் கேட்பதில்லை, ரத்தத்தில் உடம்புக்கு வேண்டிய பொட்டாசியம் போன்ற உப்புச்சத்துதான் குறையும். செருப்பு இறுக்குகிறது, நடக்க முடியவில்லை என்றால் அடுத்த தவணையில் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள்.

வீக்கத்தோடு மூச்சு வாங்குகிறது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டது, இரவில் தலையணையைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் இதயமோ சிறுநீரகமோ. அன்றே போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலி, சூடு என்றால் ரத்தக் கட்டாக இருக்கலாம். அழுத்தித் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அதுவும் அன்றே.

## தொல்லை 4: விடாத வறட்டு இருமல்

சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ உறுத்துவது போல இரவெல்லாம் இருமல். உறையில் பெரிண்டோபிரில், எனலாபிரில், கேப்டோபிரில் என்று "பிரில்" வைத்து முடியும் பெயர் இருக்கிறதா? இருந்தால் அதுவாக இருக்கலாம். தொடங்கிய சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும், அதனால்தான் யாரும் மாத்திரையோடு சேர்த்து யோசிப்பதில்லை. இருமல் மருந்து எத்தனை போத்தல் குடித்தாலும் கேட்காது. டாக்டரிடம் சொன்னால் லோசார்ட்டான் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார். மாற்றிய பிறகும் இருமல் முழுதாக அடங்க ஒரு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல்.

ஆனால் எல்லா இருமலையும் இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குச் சளிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எடை குறைகிறது, மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை இருந்தால் நிச்சயமாக. படுத்தால் கூடும் இருமல், நுரைச் சளி என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

'பிரில்' மாத்திரையால் முகம், உதடு வீங்குவது இருமலைப் போலப் பொறுத்துப் பார்க்கும் விஷயம் இல்லை. சாப்பிடத் தொடங்கிப் பல மாதம், வருடம் கழித்தும் வரலாம். 999.

## தொல்லை 5: தண்ணி மாத்திரையால் வரும் தொல்லைகள்

வேலை இடத்தில் சிறுநீர் அடக்க முடியவில்லை. பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மண்டோரிடம் (வேலையை மேற்பார்ப்பவரிடம்) சொல்ல வெட்கம், காட்டுக்குள் ஒதுங்கப் பாம்பு பயம். அதனால் மாத்திரையையும் விடுவார்கள், தண்ணீரையும் குடிக்க மாட்டார்கள். எண்ணிப் பார்த்து மாத்திரை மிஞ்சியிருந்தால் இதைத்தான் மெதுவாகக் கேளுங்கள். கிளினிக்கில் கேட்டு, வேலை முடிந்து வீடு திரும்பிய மதியத்துக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தள்ளினால் இரவுத் தூக்கம் போகும்.

கெண்டைக்கால் பிடிப்பு, சோர்வு. ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்திருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், கேட்டு எடுங்கள். தாமாகவே இளநீராகக் குடிக்கத் தொடங்க வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், மெங்குடு (நோனிப் பழ) சாற்றிலும் அதிகம். கூடவே "பிரில்" மாத்திரையோ லோசார்ட்டானோ சாப்பிட்டு, சிறுநீரகமும் பலவீனம் என்றால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும்.

வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். நேற்று வரை பேரன் பெயரைச் சொன்னவர் இன்று தடுமாறினால் சோடியம் இறங்கியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

## தொல்லை 6: நாடி மெதுவாகத் துடிக்கிறது

அட்டெனோலோல், பைசோபுரோலோல், மெட்டோபுரோலோல் சாப்பிடுபவருக்கு மாத்திரைக்கு முன் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே, அல்லது 60-க்குக் கீழே தலைச்சுற்றலோடு என்றால் அந்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் கிளினிக்கை அழைத்துக் கேளுங்கள். மயக்கம் இருந்தால் 999. இந்த வகையை ஒரேயடியாக விட்டால் நெஞ்சு வலி, மாரடைப்பு வரை போகும், ஆகவே தீர்ந்துபோகவும் விடாதீர்கள். இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வேர்வை மட்டும் வரும், அதைக் கவனியுங்கள்.

## தொல்லை 7: வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிட்டது

உடம்பில் நீர் வற்றும்போது "பிரில்" மாத்திரை, லோசார்ட்டான், தண்ணி மாத்திரை மூன்றும் சிறுநீரகத்தை அழுத்தும். ஒரு நாளுக்குள் நிற்கவில்லை, குடிப்பதெல்லாம் வெளியே வருகிறது என்றால் காத்திராமல் அழைத்து, "இன்றைக்கு இந்த மாத்திரைகளைக் கொடுக்கட்டுமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சரியாகும் வரை சிலவற்றை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். மறுபடி எந்த நாளில் தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னதை நினைவில் வைத்து, தொடங்கச் சொன்னதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

## சின்னதாக இரண்டு

ஈறு தடித்துப் பல்லை மூடுகிறது: அம்லோடிபைன், நிஃபெடிபைனால் வரலாம். பல் டாக்டரிடம் மருந்துப் பெயரைச் சொல்லுங்கள்.

மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்: "பிரில்" வகையும் லோசார்ட்டான் வகையும் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. அடுத்த தவணை வரை வேண்டாம், உறுதியானவுடனேயே கிளினிக்குக்குப் போனால் வேறு மாத்திரை தருவார்கள்.

## தொல்லை 8: ஒரு வேளை விட்டுப்போனது, அல்லது மாத்திரை தீர்ந்துவிட்டது

அன்றே நினைவு வந்தால் சாப்பிடட்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து வேண்டாம்.

தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்காதீர்கள். "அவங்களுக்கும் இதே டாரா திங்கிதான்" என்பார்கள், ஆனால் மருந்தும் மில்லிகிராமும் வேறாக இருக்கும். சீட்டோடு அரசாங்க கிளினிக் பார்மசிக்கே போங்கள். தவணை நாளுக்கு மோட்டார் கிடைக்காததால் ஒரு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்த வீடுகள் எனக்குத் தெரியும். சீட்டு ஒரு கிளினிக்கில் இருந்தாலும் வேறு அரசாங்க பார்மசியில் மருந்து எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, கவுண்டரில் "ஸ்பப்" (SPUB, அந்த ஏற்பாட்டின் சுருக்கப் பெயர்) என்று கேட்டால் பதிந்து தருவார்கள். தீபாவளிக்கு மகன் வீட்டுக்குக் கோலாலம்பூர் போய் ஒரு மாதம் தங்கும் பாட்டிக்கு இது பெரிய உதவி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது மருந்துப் பை பெட்டியில் போகக்கூடாது, பாட்டியின் கைப்பையிலேயே இருக்கட்டும், சூரியனும் பிறையும் வரைந்த உறைகளோடு.